புல்லெண்ணெய்க்காரர் செய்த மொழிபெயர்ப்பு

அவருடைய பெயரை இங்கே எழுதினால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே எழுதாமல் விடுகிறேன். எழுதிவிட்டால் இந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வத்தளையில் மகன் வீட்டுப் பக்கம் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நிறுத்திக் காட்டுவார். காட்டுவதோடு விடுவாரா? இதில் இல்லாத நாலு விஷயத்தையும் சேர்த்து வாசிப்பார்.

எங்கள் தோட்டத்தில் அவருக்குப் புல்லெண்ணெய் அடிக்கிற வேலை. தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லைக் கொல்லும் மருந்தைத்தான் நாங்கள் புல்லெண்ணெய் என்போம். பதுளை ஸ்பிரிங்வெளிப் பக்கம், மேல்கணக்குப் பிரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயத்தில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்கு அடுத்தது அவருடையது. நடுவில் ஒரே ஒரு சுவர். அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அதனால் அவர் பேசியதெல்லாம் என் வீட்டிலும் பேசப்பட்டது. நாங்கள் எங்களுக்குள் பேசியதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிலும் வந்தது.

வேலையில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மலையில் இறங்கினால், மருந்து புல்லின் மேல் மட்டும்தான் விழும். பழைய பிளாஸ்டிக் பேசின் ஒன்றின் அடியை வெட்டி, குழாயின் வாயில் குடை மாதிரி கவிழ்த்துக் கட்டி வைத்திருந்தார். மற்றவர்கள் அடித்த மலையில் தேயிலையும் சேர்ந்து மஞ்சளாகும். இவர் அடித்த இடத்தில் ஒரு கொழுந்து வாடியதை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் காற்று கிளம்பினாலும் டேங்க்கை இறக்கி வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்துவிடுவார்.

“என்னய்யா ஒக்காந்திருக்க?” என்று கணக்கப்பிள்ளை கத்துவார்.

“காத்து வேல செய்யுதுங்க. அது முடிக்கட்டும், அப்புறம் நான் செய்றேன்.”

கைதான் இப்படி. வாய் நேரெதிர். அதற்குக் குடையும் கிடையாது, காற்றும் பார்க்காது. உதவி மேனேஜர் சின்னத்தொரைக்கு மாற்றம் வந்துவிட்டது என்று ஒரு நாள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் சொன்னார். சனங்கள் பிரியாவிடைக்கு மாலை வாங்கி வைத்தார்கள். மாலை வாடிப்போனது. சின்னத்தொரை அதற்குப் பிறகும் நாலு வருஷம் எங்களை மேய்த்தார். “நான் மாத்தம்னுதானே சொன்னேன், எப்பன்னு சொன்னேனா?” என்று இவர் கேட்டார். இவர் மனைவி பேசி நான் அதிகம் கேட்டதில்லை. பேச இடம் கிடைத்திருக்காது, பாவம்.

என் மகள் தர்ஷிக்கு எட்டு மாதம் இருக்கும்போது கட்டாரிலிருந்து லீவில் வந்த என் வீட்டுக்காரர் அவளைப் படம் எடுத்தார். ஃபோன் வெளிச்சத்தில் இடது கண் மட்டும் வெள்ளையாக மினுங்கியது. எங்களுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கூவினார்.

“அடியாத்தே! பூனைக்கண்ணு! தங்கச்சி, ஒம்மவளுக்குப் பூனைக்கண்ணு விழுந்திருக்கு. லேசுல யாருக்கும் வராது. ராசிக்காரி!”

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிட்டது. கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்கள் கூடையோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானும்தான் என்ன செய்தேன்? கண்பட்டுவிடும் என்று கன்னத்தில் ஒரு பொட்டுக்குப் பதில் இரண்டு பொட்டு வைத்தேன். பெருமை எனக்கும் இருந்தது, பொய் சொல்வானேன். நாலு மாதம் அந்தக் கண்ணைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம்.

வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் நிறை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ்ஸிதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முகம் மாறி, பதுளைக்குக் கடிதம் எழுதித் தந்தார். பதுளையிலிருந்து அதே வாரம் கொழும்புக்கு. புற்றுநோய் என்றார்கள். பால் குடிக்கிற பிள்ளைக்கு, அதுவும் கண்ணுக்குள்ளே, அப்படி ஒன்று வரும் என்று எங்கள் தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது கண்ணிலும் சின்னச் சின்னதாக இருந்தது. ‘கொஞ்சம் முன்னமே வந்திருந்தால்’ என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு பக்கத்துக் காம்பராக்காரர் வாயிலிருந்து ‘பூனை’ என்ற சொல் வரவேயில்லை. லயத்துப் பூனையைக்கூட ‘அந்த நாலுகாலு’ என்றுதான் சொன்னார். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் நான் கொழும்புக்குக் கிளம்பும் காலையில், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

“நீ தனியாப் போயி என்னத்தப் பேசுவ? நான் வாறேன்.”

அது உண்மைதான். எனக்குக் கடைச் சிங்களம் தெரியும், பஸ் சிங்களம் தெரியும். டாக்டர் சிங்களம் தெரியாது. அவருக்கு மூன்றும் தெரியும், தெரியாத இடத்தில் இட்டுக்கட்டவும் தெரியும். பதுளையில் காலைக் கோச்சி கிளம்பிய உடனே பேச்சு ஆரம்பமாகும். தெமோதரையில் ரயில் பாதை சுற்றி வளைந்து தனக்கடியிலேயே போகிறதே, அந்த யோசனையை வெள்ளைக்காரனுக்குத் தலைப்பாகையைச் சுற்றிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது ஒரு கங்காணி என்று ஊரில் ஒரு கதை உண்டு. அந்தக் கங்காணி தன்னுடைய பூட்டன்தான் என்று அவர் பெட்டியிலிருந்த எல்லோருக்கும் சொல்வார். ஒரு தடவை தலைப்பாகை சிவப்பாக இருக்கும், மறு தடவை வெள்ளையாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான். டாக்டர் சிங்களத்தில் ‘நாளைக்கு வாங்க’ என்று இரண்டு வார்த்தை சொல்வார். இவர் என் பக்கம் திரும்பி, “டாக்டர் என்னா சொல்றாருன்னா, நீங்க மலையில இருந்து இம்புட்டு தூரம் வந்திருக்கீங்க, எனக்கும் மனசு கேக்கல, ஆனா பாருங்க, இன்னைக்கு மெசின் காரரு வரல, அவரு பொண்டாட்டிக்குச் சொகமில்லையாம், அதுனால நாளைக்கு வெள்ளன வாங்க, அப்படிங்கிறாரு” என்பார். டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்ப்பார்.

முதலில் கையில் ஊசி ஏற்றி உடம்பு முழுவதும் போகிற மருந்துதான் கொடுத்தார்கள். ஆறு தடவை. பிள்ளையின் முடி கொட்டியது, வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு நாள் அவளைத் தூக்கி வைத்திருந்த இவர் பொங்கிவிட்டார்.

“கண்ணுல ஒரு பிடி புல்லு. அதுக்கு மலை பூராவும் மருந்தடிக்கிறீங்களே! இது என்னா வேல?”

இதை டாக்டரிடமே சிங்களத்தில் சொல்லிவிட்டு, எனக்கும் தமிழில் சொன்னார். எனக்கு மானம் போனது. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் சின்ன வயதுக்காரர். எங்கே வேலை என்று இவரைக் கேட்டார். புல்லெண்ணெய் அடிக்கிறவர் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

அந்த மருந்துக்குக் கட்டிகள் சுருங்கின. சில மாதம் கழித்து ஒன்று மறுபடி தலைதூக்கியது. இருக்கிற ஒரே கண்ணில். அப்போது அவளுக்கு இரண்டு வயது. அம்மா முகம் தெரியும், விளக்குத் தெரியும், சுவரில் ஊர்கிற எறும்பைக் காட்டிச் சிரிப்பாள். அந்தக் கண்ணையும் எடுத்துவிடலாமா, இல்லை, புதிதாக வந்திருக்கிற ஒரு முறையைச் செய்து பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. கட்டாருக்குப் பேசினேன். “நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம்” என்றார் என் வீட்டுக்காரர். ரொம்ப உதவி.

இந்தத் தடவை கோச்சியில் நானே பக்கத்தில் இருந்த புல்லெண்ணெய்க்காரரிடம் வாய் திறந்து சொன்னேன்.

“அண்ணே, உசுருக்குப் பயம்னு ஒரு வார்த்த சொன்னாங்கன்னா, கண்ண எடுத்துறச் சொல்லிருவேன். குருடா இருந்தாலும் புள்ள எங்கிட்ட இருக்கணும்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புத்தளை தாண்டும் வரைக்கும் வெளியே தேயிலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு யாரோ கடலைக்காரன் வந்ததும் பூட்டன் கதைக்குப் போய்விட்டார்.

முதல் நாள் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். தொடை மடிப்பில் ஒரு ரத்தக்குழாயைத் திறந்து, நூல் மாதிரி ஒரு ட்யூபை உள்ளே விட்டு, நெஞ்சைத் தாண்டி, கழுத்தைத் தாண்டி, கண்ணுக்குத் திரும்புகிற சின்னக் குழாயின் வாய்க்குக் கொண்டுபோய், அங்கே மட்டும் மருந்தை விடுவார்களாம். உடம்புக்குப் போவது கொஞ்சம், கண்ணுக்குப் போவது நிறைய. இதை எனக்கு இவர் மொழிபெயர்த்ததில் டேங்க் வந்தது, ஓஸ் பைப் வந்தது, பேசின் வந்தது. இருபது நிமிஷம் ஆனது. ஆனால் எனக்கு ஒன்றுவிடாமல் புரிந்தது, அதைச் சொல்ல வேண்டும்.

முடித்துவிட்டு டாக்டரிடம் இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அங்கின காத்து எப்படி?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணுக்குள் ரத்தம் ஓடுகிற ஓட்டம்தான் அங்கே காற்று என்றாராம். ஓட்டத்தைப் பார்க்காமல் விட்டால் மருந்து பக்கத்துக் கிளைக்குள் போய்விடும், பின்னாலும் வழிந்துவிடும். அதனால்தான் இப்போதெல்லாம் முதலில் சாயம் விட்டு ஓட்டத்தைப் பார்க்கிறோம், பிறகு மருந்தை ஒரேயடியாகத் தள்ளாமல் விட்டு விட்டுச் செலுத்துகிறோம், அப்போதுதான் சீராகப் போய்ப் படும் என்றாராம். இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! தன் வேலையைத் தெரிந்த இன்னொருத்தனை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தித்துவிட்டார்.

மறுநாள் காலை கையெழுத்துக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் அன்று சிரிக்கவில்லை. பத்து நிமிஷம் நிதானமாகப் பேசினார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தன் தலையைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், பிள்ளையைக் காட்டினார். நடுவில் ‘மொளய’ என்றார். சிங்களத்தில் அது மூளை என்பது எனக்கே தெரியும். பேசி முடித்து இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார்.

“பட வேண்டிய எடத்துல படுமாம். கையெழுத்தப் போடு தங்கச்சி.”

“அம்புட்டுதானா? மூளைன்னு ஏதோ சொன்னாரே?”

“மூளைக்குப் போற வழியிலதானே கண்ணுக்குத் திரும்புற சந்து இருக்கு. அதச் சொன்னாரு.”

இரண்டு வார்த்தைக்கு இரண்டாயிரம் வார்த்தை சொல்கிற மனுஷன், பத்து நிமிஷப் பேச்சை ஒரே மூச்சில் முடித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆறுதலாக இருந்தது. போட்டேன். எனக்குக் கீழே இன்னொரு கோட்டில் அவரும் போட்டார். பாதியில் பேனாவை நிறுத்தி, தாளை மேலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முடித்தார். சிங்களத்தில் எழுதிப் பழக்கமில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்து பெஞ்சில் இருந்த குருணாகல் ஆள் தானாகவே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். இவர் தலையைக்கூட ஆட்டவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நல்லவேளை, பிள்ளை வந்துவிட்டாள். இமை வீங்கியிருந்தது, இரண்டு தடவை வாந்தி எடுத்தாள், பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

அடுத்த நாள் லீவு முடிந்து வந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி தமிழில் பேசினார். யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

“உங்களுக்கு எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவையோ அம்மா?”

“ஆமாங்க மிஸ்ஸி, பட வேண்டிய எடத்துல படும்னு சொன்னாங்க.”

அவர் ஃபைலைப் புரட்டினார். “அதில்லை. மூளையில ரத்தம் கட்டிப்போகலாம், மயக்க மருந்துக்குள்ள மூச்சு நிண்டு போகலாம், இவ்வளவும் செய்தும் கண் தப்பாமல் விடலாம், உயிருக்குப் பயமில்லாத வழி கண்ணை எடுக்கிறதுதான் எண்டு டொக்டர் சொல்லியிருப்பாரே?”

நான் எழுந்து வெளியே போனேன். இவர் குழாயடியில் நின்று தர்ஷியின் பால் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, எம் புள்ள உசுரு ஒங்களுக்கு என்னா வெளையாட்டா?”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. குழாயை மூடினார்.

“சொல்லியிருந்தா கண்ண எடுக்கச் சொல்லியிருப்ப.”

“ஆமா, சொல்லியிருப்பேன்! நான் பெத்த புள்ள! சொல்றதும் சொல்லாததும் என் இஷ்டம்! நீங்க யாரு?”

“யாருமில்ல.”

“செத்துப் போயிருந்தா?”

அவர் போத்தலின் மூடியைத் திருகினார். “ஏற்கனவே ஒரு கண்ணு என் வாயால போச்சு தங்கச்சி. இன்னொன்னும் என் வாயாலயே போகணுமா?”

நான் அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். போத்தலை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். வார்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். கோபமா, பயமா, பிள்ளை பிழைத்திருக்கிற சந்தோஷமா என்று கேட்டால், மூன்றும்தான். திரும்பி வருகிற கோச்சியில் நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தெமோதரையில் பாதை சுற்றியது. ஒருத்தரும் எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை.

ஒரு மாதம் அப்படியே போனது. கூரைக்கு எட்டாத சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு பேசாமலிருப்பது லேசான காரியமா? அவர் இருமினால் நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அதுதான் எங்கள் பேச்சுவார்த்தை. அடுத்த தடவை மருந்து விட நான் தனியாகவே போனேன். யாழ்ப்பாணத்து மிஸ்ஸி இருக்கிற நாளாகப் பார்த்து, ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். மூளை, மூச்சு, உயிர், எல்லாவற்றையும் அழகான தமிழில் கேட்டேன். கேட்டுவிட்டு நானே கையெழுத்துப் போட்டேன். முதல் தடவை நன்றாகப் போயிருந்ததே, அந்தத் தைரியம். அந்த முதல் தடவையை எனக்கு யார் வாங்கித் தந்தது என்று யோசிக்க அப்போது நான் தயாராக இல்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு கட்டி காய்ந்து சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது என்றார் டாக்டர். கண் தங்கியது. பிள்ளையும் தங்கினாள்.

செய்தி கேட்ட அன்றே புல்லெண்ணெய்க்காரருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. கொழும்பு டாக்டருக்குக் குழாய் விஷயத்தில் ஒரு சந்தேகம் வந்ததாகவும், தான்தான் காற்றுப் பார்த்து அடிக்கிற முறையைச் சொல்லிக்கொடுத்ததாகவும், அதற்குப் பிறகுதான் டாக்டர்மார் விட்டு விட்டு மருந்தடிக்க ஆரம்பித்ததாகவும் மேல்கணக்கு, கீழ்கணக்கு இரண்டுக்கும் தெரிவித்தார். கையெழுத்துச் சங்கதியை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு நாள் “அண்ணே, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று சுவருக்கு மேலே கேட்டேன். “சீனி தூக்கலா” என்று பதில் வந்தது. சில வருஷத்தில் மகன் கூப்பிட்டான் என்று வத்தளைக்குப் போய்விட்டார்.

அவர் செய்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள். நல்லபடியாக முடிந்ததால் இவ்வளவு சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு மாதிரி முடிந்திருந்தால் இதையும் வேறு மாதிரித்தான் எழுதியிருப்பேன். அநேகமாகப் பெயரோடு, முகவரியோடு.

போன மாதம் வருடாந்தப் பரிசோதனைக்குக் கொழும்புக்குப் போயிருந்தோம். தர்ஷிக்கு இப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிறாள், என்னைவிட நன்றாகப் பேசுகிறாள். இனி மொழிபெயர்ப்புக்கு ஆள் தேட வேண்டியதில்லை. நம்பர் கூப்பிடும் வரை பொழுது போகாமல், மடியிலிருந்த பழைய ஃபைலைப் புரட்டினாள். ஒரு மஞ்சள் பிடித்த சிங்களத் தாளை எடுத்து வலது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள்.

“அம்மா, இங்க ஒங்க கையெழுத்து இருக்கு. இதுக்குக் கீழ, ‘எல்லா ஆபத்தையும் தாய்க்குத் தமிழில் விளக்கமாச் சொன்னேன்’னு போட்டு இன்னொருத்தரு கையெழுத்து வச்சிருக்காரு. யாரு இது?”

“பக்கத்துக் காம்பராவுல இருந்த மாமா. ஒனக்கு ஞாபகம் இருக்காது.”

மறுபடியும் மேலே போய் வாசித்தாள்.

“மூளையில ரத்தம் கட்டலாம்… மூச்சு நிக்கலாம்… உயிர் போகலாம்… இம்புட்டும் ஒங்ககிட்ட சொன்னாரா?”

“சொன்னாரு.”

“எல்லாத்தையுமா?”

“ஒன்னுவிடாம சொன்னாரு.”

“அப்படித் தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?”

நான் தலையாட்டினேன். அவள் தாளை மடித்து ஃபைலுக்குள் வைத்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய தைரியசாலியின் பிள்ளை நான் என்று அந்த ஒற்றைக் கண் நிறைந்திருந்தது. அது எனக்கு வர வேண்டியதில்லை என்று தெரியும். தெரிந்தும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டேன்.